சுவரில் ஒரு வாசல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. ஒரு முதியோர் இல்லத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டிகளுக்குப் போர்வையும் பிஸ்கட் பொட்டலமும் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. தன் முன்னால் நிற்கிற சிறுமியின் சடையைப் பார்க்கிறார். ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது. இரண்டு விநாடி கிடைத்திருந்தால் கை நீட்டிக் கட்டிவிட்டிருப்பார். அதற்குள் வரிசை நகர்ந்திருக்கும், பிள்ளைகளை வேனில் ஏற்றியிருப்பார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கும்பகோணம் வட்டத்தில் அங்கன்வாடியில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தவள். 1983-இல் உதவியாளராகச் சேர்ந்தேன், பிறகு பணியாளர் ஆனேன், 2021-இல் ஓய்வு பெற்றேன். ஊரில் இன்னமும் பால்வாடி டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னிடம் அரிச்சுவடி படித்த பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது கடைசிக் காலத்தில் கிடைத்த ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடம் எங்கள் அங்கன்வாடி ஒரு முதியோர் இல்லத்துக்குள் நடந்தது.

யாரும் திட்டம் போட்டு நடந்ததில்லை. 2017 ஐப்பசி மழையில் எங்கள் மையத்தின் கூரைப் பூச்சு ஒரு ராத்திரி பொத்தென்று விழுந்தது. காலையில் கதவைத் திறந்தால், பிள்ளைகள் படுத்துத் தூங்குகிற இடத்தில் முறம் முறமாகக் காரை கிடக்கிறது. துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. பகலில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்தப் பயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் 94 பிள்ளைகளைத் தீயில் பறிகொடுத்தவர்கள் நாங்கள்.

கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. அதுவரைக்கும் இடம்? அரசு கொடுக்கிற வாடகைக்கு யாரும் வீடு தரவில்லை. இரண்டு மாதம் ஒரு வீட்டுத் திண்ணையிலேயே வைத்து நடத்தினேன். எங்கள் மையத்தின் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, ஓர் அறக்கட்டளை நடத்துவது. முப்பது பேருக்குக் கொஞ்சம் கூட இருப்பார்கள். அதன் முன் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கேட்டுப் பார்த்தேன். நிர்வாகி ஐயா வாடகை வேண்டாம், ரெண்டு மாசத்துக்கு வெச்சுக்குங்க என்றார். 2018 தை மாதம் உள்ளே போனோம். வெளியே வரும்போது 2019 ஆடி.

முதல் வாரம் இரண்டு பக்கமும் தனித்தனியாகத்தான் இருந்தது. பெரியவர்கள் தாழ்வாரத்தில் தள்ளி உட்கார்ந்து பார்ப்பார்கள். பிள்ளைகள் இங்கிருந்து பார்ப்பார்கள். நடுவில் நாற்காலி அடுக்கு. என் உதவியாளர்தான் ஒரு நாள், கூட்டுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டாள். அவள் எதையும் யோசித்துச் செய்யவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அவரைப் பூப்பாட்டி என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கோயில் வாசலில் நாற்பது வருடம் பூக்கட்டி விற்றவர். பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. மடியில் கிடக்கும், தானாக எழும்பாது. இல்லத்துத் தோட்டத்தில் கனகாம்பரம் பூக்கும், யாராவது பறித்துத் தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு கையால் எப்படிக் கட்டுவது?

எங்களிடம் நாலு வயசுப் பையன் ஒருவன் இருந்தான். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். ஒன்று இரண்டு சொல்லச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். அம்மா திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தார், வளர்ப்பது அப்பாயி. அவன் ஒரு நாள் தட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பாட்டி வாழைநாரின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் சுற்றி, மறுமுனையை வலது கையில் பிடித்து இழுத்துக் காட்டினார். நார் விறைப்பாக நின்றது. “ரெண்டு பூ எடுத்து வைடா ராசா. காம்பு என்னைப் பாக்கணும்.” வைத்தான். “இப்ப ரெண்டு. காம்பு உன்னைப் பாக்கணும்.” வைத்தான். பிஞ்சு விரலால் நாலு பூவையும் அவன் அழுத்திப் பிடித்துக்கொள்ள, பாட்டி வலது கையால் நாரை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணியில் நுழைத்து, காலால் வெட்டி இழுத்தார். முடிச்சு விழுந்தது. அடுத்த நாலு பூ. பத்துப் பன்னிரண்டு முடிச்சு விழுவதற்குள் பூ பாதி நசுங்கிவிட்டது, சரம் கோணல்மாணலாக இருந்தது. அந்தக் கோணல் சரத்தைத்தான் பாட்டி அன்றைக்குத் தலையில் வைத்துக்கொண்டார். பக்கவாதம் வந்த பிறகு அவர் கட்டிய முதல் சரம் அது.

பிறகு தினமும் பத்து மணிக்கு அவன் அங்கேதான் இருப்பான். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, அவன் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பதைக் கேட்டேன். “ரெண்டு இந்தப் பக்கம். ரெண்டு அந்தப் பக்கம். நாலு.” நான் கரும்பலகையில் எழுதி எழுதிக் கேட்டும் வராத எண், பூவில் வந்தது. நான் கிட்டே போகவில்லை. போனால் நிறுத்திவிடுவானோ என்று பயம்.

இன்னொருவர் நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறையில் வேலை பார்த்தவர். பித்தளை தட்டித் தட்டிக் காது மந்தமாகிவிட்டது. பெரியவர்கள் அவரிடம் கத்துவார்கள். கத்தினால் அவருக்குக் கோபம் வரும், கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். பிள்ளைகளுக்கு அவரே சொல்லிக்கொடுத்தார்: எதிரே வந்து உட்காரு, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு, மெதுவாச் சொல்லு. ஒரு மாதத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது. வாய்க்குள் மெல்லுகிற பிள்ளைகள், ஓடிக்கொண்டே பேசுகிற பிள்ளைகள், எல்லோரும் அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்கள். அங்கன்வாடிப் பயிற்சியில் பேச்சுத்திறன் வளர்ப்பது பற்றி எத்தனையோ நாள் வகுப்பு எடுத்திருக்கிறார்கள். இந்தப் பாடம் எதிலும் இல்லை.

மறதி நோய் வந்த ஒரு பாட்டியும் இருந்தார். தினமும் ஒவ்வொரு பிள்ளையிடமும் “உன் பேரு என்ன கண்ணு?” என்று கேட்பார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்பார். இல்லத்துப் பணிப்பெண்கள் பாவம், அவர்களுக்கு அலுத்துப்போயிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அலுக்கவே இல்லை. மூணு வயசுப் பிள்ளை ஒரே கதையை நூறு தடவை கேட்கும், உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டை நூறு தடவை கேட்கும். அந்தப் பாட்டி நூறு தடவை பேர் கேட்டார், அவர்கள் நூறு தடவையும் சந்தோஷமாகச் சொன்னார்கள். மனிதர்களில் ரொம்பச் சின்னவர்களுக்கும் ரொம்ப வயதானவர்களுக்கும் மட்டும்தான் ஒருவரோடொருவர் இப்படி ஒத்துப்போகும் போலிருக்கிறது.

எல்லாம் இனிமையாக இருந்தது என்று எழுதினால் அது பொய். ஒரு தாத்தாவுக்குச் சத்தமே ஆகாது. பிள்ளைகள் வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை, அது அவருடைய வீடு. இன்னொரு பெரியவர் முதல் வாரமே பிள்ளைகளிடம் “நீ எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டார். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அவர் பக்கத்தில் போய் நின்று, “ஐயா, பத்து மணியிலேருந்து சாயங்காலம் வரைக்கும் இவங்க எல்லாரும் என் பிள்ளைங்க. அது மட்டும் தெரிஞ்சா போதும்” என்றேன். அவர் மனசு மாறினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்பதை நிறுத்தினார். பிறகு ஒரு நாள், அவர் முன்பு முகம் சுளித்த தெருவிலிருந்து வந்த பெண்குழந்தைதான் அவருடைய கீழே விழுந்த ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்.

பலன் என்ன என்று கேட்பார்கள். மாதாமாதம் எடை பார்த்து எழுதியவள் நான், ஆனால் இதனால் எடை கூடியது என்று கணக்குக் காட்ட மாட்டேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் தட்டில் சோற்றை மிச்சம் வைப்பதில்லை. நானும் உதவியாளரும் இரண்டே பேர், இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு எப்படித் தனித்தனியாக உட்கார்ந்து ஊட்ட முடியும்? மடி தேடுகிற பிள்ளைக்கு அங்கே மடி இருந்தது. பெரியவர்கள் பக்கம் பார்த்தால், ஒன்பதரை மணிக்கே குளித்துத் தலை சீவி, பாட்டிகள் பொட்டு வைத்து, தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காலை மாத்திரையை விழுங்க வைக்க முன்பெல்லாம் போராட வேண்டியிருந்தது, இப்போது புள்ளைங்க வந்துடும் சீக்கிரம் போடுங்க என்றால் போட்டுக்கொள்கிறார்கள் என்று அங்கே வேலை பார்த்த பெண் என்னிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு மோசமான நாள் என்றும் அவளே சொன்னாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வெளியூர்க்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு அன்னதானம் செய்ய வருவார்கள்.

அந்த மார்கழியில் மறதிப் பாட்டி இறந்துபோனார். ராத்திரியில் போனவரைக் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் வந்தபோது நாற்காலி காலி. எங்கே எங்கே என்று கேட்டார்கள். ஊருக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்கன்னு சொல்லிடுங்க டீச்சரம்மா என்று இல்லத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குப் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்ற பேச்சை நம்பி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் அந்த வீட்டில் எத்தனை பேர்! பிள்ளைகளையும் அப்படி உட்கார வைக்க நான் விரும்பவில்லை. பாட்டி செத்துப்போயிட்டாங்க, இனி வரமாட்டாங்க, அவங்களுக்கு வலி இல்லை என்று சொன்னேன். இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். பூக்கட்டுகிற பையன் அன்றைக்குக் கட்டிய சரத்தைக் கொண்டுபோய் அந்த நாற்காலிக் கையில் மாட்டிவிட்டு வந்தான். மறுநாள் ஒரு பெண்குழந்தை வெறும் நாற்காலிக்கு எதிரே நின்று தன் பெயரைச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். எந்தப் பெற்றோரும் வந்து என்னிடம் சண்டை போடவில்லை. ஒரு தாய் மட்டும் வந்து, வீட்டில் பிள்ளை அதைப் பற்றிப் பேசியது என்றார். அவருடைய மாமியார் இறந்தபோது பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

ஆசிரியர் அவர்களே, இது நமக்குப் புதிது இல்லை என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை முதல் தேதி தொடங்கியது. அடுத்த ஆண்டே முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களுக்கும் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு உண்டு என்று ஆனது. நான் வேலையில் சேர்ந்த புதிது. பன்னிரண்டரை மணிக்கு அலுமினியத் தட்டோடு ஏழெட்டுப் பேர் வேப்ப மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு அவர்களுக்கும் போடுவோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கூடுதலாக ஏழு தட்டு என்றுதான் தெரிந்ததே தவிர, வேறு எதுவும் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு உடனே போகமாட்டார்கள். ஒரு ஆயா தூளி ஆட்டிவிடுவார். ஒரு தாத்தா பனையோலையில் காற்றாடி செய்து கொடுப்பார். கை கழுவ மறந்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கழுவிவிடுவார்கள். யாரும் அவர்களிடம் அதைச் செய்யுங்கள் என்று சொன்னதில்லை. சாப்பாட்டுக்காக வந்தவர்கள், தங்களால் முடிந்ததைச் செய்துவிட்டுப் போனார்கள். வாங்கிச் சாப்பிடுகிறோமே என்ற கூச்சம் அவர்களுக்கு அதனால் இல்லாமல் போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

வருஷம் போகப்போக அந்தக் கூட்டம் கரைந்தது. மையத்துக்கு வந்து சாப்பிடாதவர்களுக்கு மாத அரிசி கூடுதலாகக் கிடைத்தது. தட்டேந்தி நிற்பதை அவர்கள் பெற்ற பிள்ளைகள் அவமானமாக நினைத்தார்கள். பலருக்கு நடக்க முடியாமல் போனது. இன்று எங்கள் பக்கத்தில் எந்த மையத்துக்கும் யாரும் சாப்பிட வருவதில்லை. திட்டத்தின் பெயர் காகிதத்தில் இருக்கலாம், வேப்ப மரத்தடியில் ஆள் இல்லை.

என் தங்கை மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். நான் இதையெல்லாம் சொல்லிப் புலம்பியதைக் கேட்டு அவன் ஒரு வீடியோ அனுப்பினான். அங்கே உட்லண்ட்ஸ் பக்கம் கம்போங் அட்மிரல்டி என்ற அடுக்குமாடி 2018-இல் திறந்திருக்கிறார்கள். முதியவர்களுக்கான வீடுகள், குழந்தைகள் காப்பகம், மருத்துவ நிலையம், சாப்பாட்டுக் கடைகள், மேலே தோட்டம், எல்லாம் ஒரே கட்டடத்தில். ஜப்பானில் தோக்கியோவின் எடோகாவா பகுதியில் கோத்தோயென் என்ற முதியோர் இல்லம் 1976-இலேயே குழந்தைகள் காப்பகத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. காலையில் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து உடற்பயிற்சி செய்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வேப்ப மரத்தடிதான் ஞாபகம் வந்தது. அவர்கள் கட்டடமாகக் கட்டி நிறுத்திக்கொண்டார்கள், நாம் கரைய விட்டுவிட்டோம். நம் மாநில அரசேகூட, ஆதரவற்ற முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் வைத்துப் பராமரிக்கும் ஒருங்கிணைந்த இல்லங்களுக்குப் பணம் கொடுத்து நடத்தியிருக்கிறது. யாருமற்ற பிள்ளைகளுக்கு மட்டும்தான் தாத்தா பாட்டி வேண்டுமா? கூலி வேலைக்கும் கம்பெனிக்கும் அப்பா அம்மா போய்விட, பகல் முழுக்க அங்கன்வாடியில் இருக்கிற பிள்ளைக்கும் வேண்டும்.

இனி எங்கள் சுவருக்கு வருகிறேன். 2019 ஆடியில் புதுக் கட்டடம் தயாரானது. நல்ல கட்டடம். டைல்ஸ் தரை, சின்னக் கழிப்பறை, சுவரெல்லாம் யானையும் மயிலும். பிள்ளைகளுக்கு அது கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கொல்லையில் இடுப்பளவு இருந்த பழைய சுவரை இடித்துவிட்டு ஏழடி உயரத்துக்கு எழுப்பிவிட்டார்கள். கட்டும்போதே ஒரு வாசல் விடுங்கள் என்று கேட்டேன். எஸ்டிமேட்டில் இல்லை என்றார் காண்டிராக்டர். மேலதிகாரி ஒருவரிடம் கேட்டேன். விதியில் இடம் இல்லை, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றார். குடிபோன மறுநாள் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. பெரியவர்கள் சுவரோரம் நாற்காலி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்திலிருந்து பூக்கட்டுகிற பையன் “பூப்பாட்டீ” என்று கத்தினான். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. கொஞ்ச நாள் அப்படியே ஓடியது. அவன் முதல் வகுப்புக்குப் போய்விட்டான். 2020-இல் கொரோனா வந்து இரண்டு பக்கமும் பூட்டிவிட்டார்கள். பூப்பாட்டி அந்த வருடம் போய்ச் சேர்ந்தார். பக்கத்தில் யாரும் போக முடியாத காலம்.

யார் பொறுப்பு என்று அந்த அதிகாரி கேட்டது தப்பான கேள்வி இல்லை. அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும். ஒன்றரை வருடம் நாங்கள் என்ன செய்தோமோ அதையே சொல்கிறேன். காய்ச்சல், சளி, சொறி உள்ள பிள்ளை அன்றைக்குப் பெரியவர்கள் பக்கம் போகாது. இருமல் உள்ள பெரியவர் கூடத்துக்கு வரமாட்டார். இல்லத்தில் எல்லோருக்கும் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் செய்து தருவார்கள். வந்ததும் கை கழுவ வேண்டும், கிளம்பும்போதும் கழுவ வேண்டும், இரண்டு தரப்பும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக ஓர் அறையில் இருக்கவே கூடாது. எல்லாம் கூடத்தில், திறந்த இடத்தில், எங்கள் கண்முன்னால். யாரையும் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற எந்த இடத்துக்கும் இது சட்டமாக இருக்க வேண்டும். சமையலறைப் பக்கம் பிள்ளைகள் போகக் கூடாது, வெளியேறும் வழியில் ஒரு நாற்காலிகூட இருக்கக் கூடாது. கும்பகோணத்துக்காரி இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். பெரியவர்களிடமும் விருப்பம் கேட்க வேண்டும். அவர்களை யாரும் கேட்பதே இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இதை அங்கன்வாடி டீச்சர் தலையில் இன்னொரு வேலையாகக் கட்டிவிடக் கூடாது. இப்போது வேலையில் இருக்கிற பெண்கள் போஷன் டிராக்கர் என்ற செல்போன் செயலியில் போட்டோ ஏற்றுவதற்கே சிக்னல் தேடி மாடிக்கு ஓடுகிறார்கள். பதிவேடு ஒரு பக்கம், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு ஒரு பக்கம், கணக்கெடுப்பு ஒரு பக்கம். இல்லம் இருக்கிற இடங்களில் கூடுதலாக ஒரே ஒரு உதவியாளர் போட்டால் போதும். ஓய்வு பெற்ற எங்களில் எத்தனையோ பேர் அரை நாள் வருவதற்குத் தயாராக இருக்கிறோம்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007-இல் வந்தது. மாநில அரசு மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்று என்று தொடங்கி, வசதியற்ற முதியோர் 150 பேராவது தங்கும்படி இல்லம் அமைக்கலாம் என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அவற்றில் பழசாகி இடிக்க வேண்டியவை எத்தனையோ. இனி ஒரு மையத்துக்கு இடம் பார்க்கும்போது, பக்கத்தில் முதியோர் இல்லம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி அந்தப் படிவத்தில் சேரட்டும். முதியோர் இல்லத்துக்கு இடம் பார்க்கும்போதும் அதே கேள்வி. ஊருக்கு வெளியே, பைபாஸ் தாண்டி, காற்றோட்டமான இடம் என்று சொல்லித்தான் முதியோர் இல்லங்களைக் கட்டுகிறார்கள். அந்த வயதில் அவர்களுக்குக் காற்றைவிட மனுஷச் சத்தம் வேண்டும்.

போர்வை கொடுக்கப் போகிற பள்ளிகளை நான் குறை சொல்லவில்லை. கொடுக்கட்டும். ஆனால் வருடத்துக்கு ஒரு நாள் முப்பது பள்ளி போவதற்குப் பதில், ஒரே பள்ளியிலிருந்து ஐந்து பிள்ளைகள் வாரா வாரம் அதே கிழமை, அதே பெரியவர்களிடம் போகட்டும். கையில் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். பூ, கீரை, மொச்சை, உரிப்பதற்கும் ஆய்வதற்கும் ஏதாவது ஒன்று நடுவில் இருந்தால் போதும். பேசத் தெரியாத பிள்ளைக்கும் பேச ஆள் இல்லாத பெரியவருக்கும் கைக்கு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

எங்கள் கொல்லைச் சுவரில் வாசல் வைக்க நான் கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மூன்றரை அடி அகலம் விட்டால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும், உள்பக்கம் மட்டும் ஒரு சாய்தளம் போட வேண்டும் என்றார். உடைத்து, நிலை வைத்து, பூசி முடிக்க இரண்டு நாள். கதவு இரும்பில் இருக்கட்டும், தாழ்ப்பாள் எங்கள் மையத்துப் பக்கம், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். செலவை என் சேமிப்பிலிருந்து கொடுத்துவிடுகிறேன் என்று எழுதி, இல்லத்து நிர்வாகியின் சம்மதக் கடிதத்தையும் இணைத்து, தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இரண்டு முறை மனுக் கொடுத்திருக்கிறேன். இரண்டு ரசீதும் என்னிடம் இருக்கின்றன. இந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிட்டால், அடுத்த திங்கட்கிழமை அதன் நகலையும் மூன்றாவது மனுவோடு வைத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
கும்பகோணம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.